பதினேழாம் எண் பொடி

என் கைப்பேசியை ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு அத்தான் அந்தப் படத்தை மூன்றாவது முறையாகப் பார்த்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. நாற்பது நொடிப் படம். புற்றுநோய்ச் செல்கள் மேல் ஒரு பொடியைக் கரைத்து ஊற்றியபின் நுண்ணோக்கியின் அடியில் ஒரு முழு நாள் நடந்ததை நாற்பது நொடிக்குள் சுருக்கி வைத்திருந்தேன். முதலில் வெந்த சவ்வரிசி போல ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு கிடக்கும் செல்கள். பிறகு அவற்றின் ஓரத்தில் சின்னச் சின்னக் கொப்புளங்கள். பிறகு ஒவ்வொன்றாகச் சுருங்கி, உடைந்து, துணுக்குத் துணுக்காகிக் கலங்கல் தண்ணீராகிவிடும். அக்கா அவர் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தோசைமாவு ஒட்டிய கையைத் துடைக்கக்கூட மறந்துபோயிருந்தாள். படம் முடிந்ததும் அத்தான் கைப்பேசியைத் தந்துவிட்டுக் கேட்டார். "இதெல்லாம் கெட்ட செல்லு, சரி. இதையே நல்ல செல்லு மேல ஊத்தினா என்னம்மா ஆவும்?" மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர் அவர். எரிந்த கம்பியை உருவும்போது பக்கத்துக் கம்பி என்ன ஆகும் என்று பார்த்துப் பார்த்தே பழகியவர். "அதை இனிமேத்தான் செஞ்சு பார்க்கணும் அத்தான்" என்றேன். அந்தக் கேள்வியோ பதிலோ அக்கா காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. செத்துக்கொண்டிருந்த செல்களை மட்டுமே அவள் பார்த்திருக்கிறாள்.

அப்போது நான் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி மாணவி. தச்சநல்லூரில் அக்கா வீட்டில் தங்கித்தான் தினமும் போய்வந்தேன். எங்களுக்கு அம்மா அப்பா இல்லை. ஸ்ரீவைகுண்டத்து வீட்டை விட்டு வந்தபோது எனக்குப் பதினைந்து வயது. என்னைப் படிக்கவைத்தவர்கள் அக்காவும் அத்தானும்தான். அவர்களுக்குப் பிள்ளை இல்லாததால் அந்த இடத்தில் நான் இருந்தேன். என் ஆராய்ச்சி லிம்ஃபோமா என்ற புற்றுநோயைப் பற்றியது. நம் உடம்பில் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் அது சாவதற்கான ஏற்பாடு பிறக்கும்போதே இருக்கிறது. வயதானாலோ பழுதானாலோ செல் தன்னைத்தானே முடித்துக்கொள்ளும். வேளை வரும்வரை அதை நடக்கவிடாமல் தடுத்து வைத்திருப்பது ஒரு புரதம். லிம்ஃபோமாக்காரர்கள் பலருக்கு அந்தப் புரதம் அளவுக்கு மீறிப் பெருகிவிடுகிறது. அதனால் சாகவேண்டிய வெள்ளையணுக்கள் சாவதில்லை. அவை கழுத்திலும் அக்குளிலும் வயிற்றிலும் கட்டியாகத் திரண்டு நிற்கின்றன. எங்கள் கல்லூரி வேதியியல் துறையில் செயற்கையாகச் சில பொடிகளைச் செய்தார்கள். தடுத்து நிற்கும் புரதத்தைப் போய்ப் பிடித்துக்கொள்ளும்படி அமைத்த பொடிகள். தடை விலகினால் செல் தானே செத்துப்போகும் என்பது கணக்கு. பதினாறு பொடிகள் ஒன்றும் செய்யவில்லை. பதினேழாவது செய்தது. வெளிறிய மஞ்சள் நிறம். கண்ணாடிக் குப்பியில் 17 என்று எழுதி ஒட்டிய ஒரு சீட்டைத் தவிர அதற்கு வேறு பெயர் கிடையாது.

நான் அந்த ஆராய்ச்சியில் சேர்ந்து இரண்டு வருஷம் கழித்துத்தான் அத்தானுக்குக் கழுத்தில் கொட்டைப்பாக்கு அளவுக்கு ஒரு கட்டி வந்தது. பரிசோதனைச் சீட்டில் லிம்ஃபோமா என்ற வார்த்தையைப் படித்தபோது, என் நோட்டுப் புத்தகத்திலிருந்து அது எழுந்து வீட்டுக்குள் வந்துவிட்டது போல எனக்கு இருந்தது. ஆறு மாதம் ஊசி மருந்து ஏற்றினார்கள். வாயெல்லாம் புண்ணாகி மோர்சாதம்கூட இறங்காமல் கிடந்து எழுந்தார். கட்டி கரைந்தது. மறுபடி கடையைத் திறந்தார். ஒன்பதே மாதத்தில் திரும்பி வந்துவிட்டது. இந்த முறை வயிற்றுக்குள்ளும் இருந்தது. சென்னைக்குப் போய் இன்னும் கடுமையான மருந்து ஏற்றி, எலும்பு மஜ்ஜையின் மூலச் செல்களை எடுத்து மறுபடி செலுத்தவேண்டும் என்றார் டாக்டர். அத்தான் மாட்டேன் என்றுவிட்டார். அவர் கூட்டாளி ஒருவர் இதே சீக்குக்குச் சென்னை போய்ப் பெட்டியில்தான் திரும்பியிருந்தார். "அங்கன போயி யாரும் திரும்ப வந்து கடை தொறந்ததை நான் பார்க்கல" என்பார்.

அந்த மாதங்களில் அந்த வீட்டில் பயத்தின் சத்தம் எதுவும் கேட்காது. ஆனால் அது எல்லா இடத்திலும் இருந்தது. அத்தான் சட்டை போடும்போது காலரைச் சரிசெய்வது போல அக்கா அவர் கழுத்தைத் தடவிப் பார்ப்பாள். தெரிந்தும் தெரியாதவர் போல அவர் நின்றுகொடுப்பார். நான் கண்ணாடி முன்னால் என் கழுத்தைத் தடவிக்கொள்வேன். அவர் இரண்டு முறை இருமினால் சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றுவிடும். அப்படி ஒரு நாளில்தான், கொஞ்சம் தைரியம் வரட்டுமே என்று, அந்த நாற்பது நொடிப் படத்தைக் காட்டினேன். இன்று நினைத்தால் அது தைரியம் கொடுப்பதற்காக மட்டும் இல்லை. என் வேலை வீண் இல்லை என்று அவர்களிடம் காட்டிக்கொள்ளும் ஆசையும் இருந்தது.

மறுநாளே அக்கா கேட்டாள். "ஏட்டி, அந்தப் பொடியைக் கொஞ்சம் கொண்டாயேன்." நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. கிண்ணத்தில் கிடக்கிற செல் வேறு, உடம்பு வேறு, இதை ஓர் எலிக்குக்கூட இன்னும் கொடுக்கவில்லை என்று எவ்வளவோ சொன்னேன். "எலிக்குக் குடுத்து, குரங்குக்குக் குடுத்து, பிறகு மனுசனுக்குக் குடுக்கதுக்கு எத்தனை வருசம் ஆவும்?" என்று கேட்டாள். பத்து வருஷம் ஆகலாம் என்றேன். "அவுகளுக்கு எத்தனை மாசம்னு டாக்டரு சொல்லுதாரு?" என்றாள். அடுத்து வந்த நாட்களில் அவள் என்னோடு பேசவில்லை. சாப்பாடு போடுவாள், தண்ணீர் வைப்பாள், பேசமாட்டாள். என்னைத் தூக்கி வளர்த்தவள் என் முன்னால் கல்லாகி நடமாடுவதைத் தாங்க முடியவில்லை. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அத்தானுக்கு வயிற்று வலி வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நான் என்ன செய்தேன் என்பதைப் பல வருஷம் யாரிடமும் சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆய்வகத்தில் ஆள் இல்லாத நேரம் போய், பதினேழாம் எண் பொடியில் கொஞ்சம் நிறுத்து, ஒரு சின்னக் குப்பியில் போட்டு, சாப்பாட்டுப் பையில் வைத்துக் கொண்டுவந்து அக்கா கையில் கொடுத்தேன்.

"வச்சுக்கோ. ஆனா நான் சொல்லாம குடுக்கக்கூடாது. நல்ல செல்லுல ஒரு சோதனை பாக்கி இருக்கு. செவ்வாய்க்கிழமை காலையில தெரிஞ்சிரும்" என்றேன். அவள் தலையை ஆட்டினாள். குப்பியைப் புடவை முந்தியில் முடிந்துகொண்டாள். அன்று பல நாள் கழித்து என்னைப் பேர் சொல்லிச் சாப்பிடக் கூப்பிட்டாள். அவள் மனசு ஆறுவதற்காகத்தான் கொடுத்தேன், கையில் இருந்தால் போதும், உபயோகிக்க மாட்டாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயந்தவர்கள் தங்களுக்குச் சொல்லிக்கொள்கிற பொய்களில் அதுவும் ஒன்று.

நல்ல செல் சோதனையை நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருந்தேன். பேராசிரியர் இரண்டு முறை நினைவுபடுத்தியிருந்தார். நல்ல முடிவு கையில் இருக்கும்போது அதைக் கெடுக்கக்கூடிய கேள்வியைக் கேட்க யாருக்கும் கை வராது. ஆனால் குப்பியைக் கொடுத்த பிறகு தள்ளிப்போட முடியவில்லை. அத்தான் கேட்ட கேள்வியும் உள்ளே உறுத்திக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை காலை ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்த ஒரு தோழியை வரச்சொல்லி என் கையிலிருந்தே ரத்தம் எடுத்தேன். அதைச் சுழற்றி, வெள்ளையணுக்களைத் தனியாகப் பிரித்து, கிண்ணத்தில் விட்டு, அதே பொடியை அதே அளவில் கரைத்து ஊற்றினேன். பக்கத்திலேயே எப்போதும் போல லிம்ஃபோமா செல்களும் ஒரு கிண்ணத்தில்.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணி இருக்கும். முதலில் லிம்ஃபோமாக் கிண்ணத்தைப் பார்த்தேன். வழக்கம்போல உடைந்து கிடந்தன. பிறகு என் ரத்தம் இருந்த கிண்ணத்தை வைத்தேன். குவியம் சரியில்லையோ என்று திருகினேன். மறுபடி திருகினேன். குவியம் சரியாகத்தான் இருந்தது. என் செல்கள் கொப்புளம் கொப்புளமாகி, சுருங்கி, துணுக்காகி மிதந்துகொண்டிருந்தன. பக்கத்துக் கிண்ணத்தில் சாகாமல் மிஞ்சியவை கொஞ்சமாவது இருந்தன. இதில் அதுவும் இல்லை. முந்தின நாள் காலைவரை என் உடம்பில் உயிரோடு ஓடியவை அவை. அந்தப் பொடி எந்தச் செல் என்று பார்ப்பதே இல்லை. தடுத்து நிற்கும் அந்தப் புரதமோ அதன் இனத்துப் புரதமோ எங்கெங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் போய்த் திறந்துவிடுகிறது. அக்காவுக்குப் போன் அடித்தேன். மணி அடித்து அடித்து நின்றது. ஐந்து முறை. அத்தான் எண் அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

வெள்ளை அங்கியைக் கழற்றாமலே ஆட்டோ ஏறினேன். கொக்கிரகுளம் தாண்டி ஆற்றுப் பாலத்தில் வண்டிகள் நகராமல் நின்றன. கீழே தாமிரபரணியில் யாரோ துணி அலசிக்கொண்டிருந்தார்கள். கரையோரம் எருமைகள் கழுத்துவரை தண்ணீரில் கிடந்தன. ஊரே தன்பாட்டுக்கு இருந்தது. நான் அத்தான் தரையில் கிடப்பதை, அவர் வாயில் நுரை தள்ளுவதை, அக்கா தலையில் அடித்துக்கொள்வதை வரிசையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பொறுக்க முடியாமல் இறங்கி, பாலத்தின் மறுகரைவரை ஓடி, அங்கே வேறு ஆட்டோ பிடித்தேன். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுக்கார அம்மா வாசலில் நின்றாள். "காலையிலயே ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாவளே, உனக்குத் தெரியாதா?" என்றாள். "அத்தானுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டேன். அவள் என்னை வினோதமாகப் பார்த்தாள். "அத்தானுக்கு இல்லட்டி. உங்க அக்காவுக்கு."

ஜங்ஷன் பக்கம் ஒரு மருத்துவமனையில் அவளைக் கண்டுபிடித்தேன். முகம் வாழைத்தண்டு போல வெளுத்திருந்தது. முந்தின நாள் மத்தியானத்திலிருந்தே வாந்தியாம். சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தபோது தலைவலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டிருந்தாள், அதை நானும் நம்பியிருந்தேன். காலையில் பல் தேய்க்கும்போது ஈறிலிருந்து ரத்தம் நிற்கவில்லை என்றுதான் அத்தானிடம் சொல்லியிருக்கிறாள். முழங்காலுக்குக் கீழே சிவப்புப் புள்ளிகள் வாரித் தெளித்தது போல இருந்தன. அத்தான் கட்டில் பக்கத்தில் நின்று விசிறிக்கொண்டிருந்தார். "பிளேட்லெட் ரொம்ப இறங்கிட்டாம். டெங்குன்னு சொல்லுதாவ" என்றார். அந்த மாதம் ஊரெல்லாம் டெங்கு. யாராக இருந்தாலும் அதைத்தான் முதலில் நினைத்திருப்பார்கள். அக்கா என்னையே பார்த்தாள். சொல்லாதே என்று அவள் கண் கெஞ்சியது. சொன்னால் என் படிப்பு போய்விடும் என்று அவள் நினைத்தது எனக்குத் தெரிந்தது. எனக்கும் அந்த நினைப்பு வந்தது. வரவில்லை என்று சொன்னால் பொய். ஒரு மூச்சு நேரம் இருக்குமா, அவ்வளவு நேரம் நான் வாயைத் திறக்காமல் நின்றேன். என் வாழ்க்கையில் நான் மிகவும் அஞ்சுவது அந்த ஒரு மூச்சு நேரத்தைத்தான்.

டாக்டரம்மா உள்ளே வந்ததும் வெளியே கூட்டிப்போய், அக்கா அந்தப் பொடியைத் தின்றிருக்கிறாள் என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை. எழுதும் பேனாவை எடுத்துக்கொண்டார். "மருந்தோட பேரு என்ன?" என்றார். "பேரு கிடையாது டாக்டர். நம்பர்தான். பதினேழு." பேனா நின்றது. "முறிவு மருந்து இருக்கா?" "இல்ல." "இதுக்கு முன்னால இதை எத்தனை பேரு சாப்பிட்டிருக்காங்க?" "யாரும் இல்ல. இவங்கதான் முதல் ஆள்." அவர் என்னை ஏறிட்டுப் பார்த்த பார்வையில் திட்டு இல்லை, அவரும் பயந்திருந்தார். அதற்குப் பிறகும் கேட்டுக்கொண்டே போனார். உடம்பில் எத்தனை மணி நேரம் தங்கும், ஈரலை என்ன செய்யும், இன்னும் எவ்வளவு இறங்கும், எதுவும் தெரியாது. மாதக்கணக்கில் தினமும் அந்தப் பொடியோடு இருந்திருக்கிறேன். அது கொல்லும் என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்திருந்தது.

நான்கு நாள் எண்ணிக்கைகள் இறங்கிக்கொண்டே இருந்தன. பிளேட்லெட் ஏற்றுவதற்கு ரத்தம் வேண்டுமென்றபோது அத்தானின் கடைக்குப் பக்கத்து டயர் கடை அண்ணாச்சியும் அவர் ஆட்களும் வரிசையாக வந்து கொடுத்தார்கள். என்ன சீக்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. வெள்ளையணுக்கள் குறைந்ததால் அவளைத் தனி அறையில் வைத்தார்கள். கதவில் இருந்த சின்னக் கண்ணாடி வழியாகத்தான் பார்க்கமுடியும். அத்தான் அதன் முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். டாக்டரம்மா அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். இரண்டாம் நாள் வீட்டுக்குப் போய் அக்காவின் புடவை மடிப்புக்குள்ளிருந்து குப்பியைத் தேடி எடுத்துவந்தார். மூடியைச் சுற்றிக் காயிலுக்கு ஒட்டுகிற நாடாவை இறுக்கமாகச் சுற்றியிருந்தார். "இதை எங்கன குடுக்கணுமோ அங்கன கொண்டுபோய்க் குடு. நீயே குடுத்ததா சொல்லிக் குடு" என்றார். நான் அன்றே பேராசிரியரிடம் கொண்டுபோய் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குப்பியை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார். "கெட்ட செல்லு செத்ததை மட்டும் படம் புடிச்சீங்களேம்மா" என்றார். ஒரு வருஷம் ஆய்வகத்துக்குள் நான் நுழையக்கூடாது என்று முடிவானது. பதினேழாம் எண்ணை அத்தோடு மூடிவிட்டார்கள்.

ஐந்தாம் நாள் எண்ணிக்கை ஒரு புள்ளி ஏறியது. ஆறாம் நாள் இன்னும் கொஞ்சம். அன்றுதான் முகமூடி போட்டுக்கொண்டு உள்ளே போக விட்டார்கள். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்கத்தான் போனேன். அவளே சொன்னாள். "கொழம்பு வச்சா உப்புப் பார்த்துட்டுத்தான அவுகளுக்கு ஊத்துவேன். இதை மட்டும் பார்க்காம எப்படிக் குடுக்கதுட்டி?" அவ்வளவுதான். பெரிய தியாகம் செய்ததாக அவள் முகத்தில் எதுவும் இல்லை. கதவுக் கண்ணாடிக்கு வெளியே அத்தான் நின்று கேட்டுக்கொண்டிருந்தாரா, உதட்டசைவிலிருந்து புரிந்துகொண்டாரா தெரியாது. நான் வெளியே வந்தபோது சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றிருந்தார். தோள் குலுங்கியது. திரும்பாமலே, "அவ எந்திரிச்சதும் மெட்ராசுக்கு டிக்கெட் போடு. இனி இவளை வீட்டுல வச்சுப் பயமுறுத்த என்னால ஆகாது" என்றார்.

சென்னையில் அவருக்கு நடந்த வைத்தியத்தைப் பற்றி நிறையச் சொல்லலாம். ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஒரு கட்டத்தில் அவருக்கு ஒரு மாத்திரை கொடுத்தார்கள். எங்கள் பொடி செய்ய முயன்ற அதே வேலையைச் செய்கிற, பல்லாயிரம் பேர் ஏற்கெனவே சாப்பிட்டுத் தேறிய செயற்கை மருந்து. முதல் வாரம் மிகச் சிறிய அளவு, பிறகு வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கூட்டல். ஒரேயடியாகக் கொடுத்தால் கட்டி முழுக்க ஒரே நாளில் செத்து, அந்தக் கழிவு சிறுநீரகத்தை அடைத்துவிடும் என்று அங்கிருந்த டாக்டர் விளக்கினார். ஒவ்வொரு முறையும் சில மணி நேரத்துக்கு ஒருதரம் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். மருந்து வேலை செய்யாமல் போய்விடுமோ என்று அவர்கள் பயந்த மாதிரியே, அளவுக்கு மீறி வேலை செய்துவிடுமோ என்றும் பயந்தார்கள். அந்தப் பயம் எனக்கு முன்பே இருந்திருக்கவேண்டும். அத்தான் ஊருக்குத் திரும்பிக் கடையைத் திறந்தார். இரண்டரை வருஷம் காயில் கட்டினார். பிறகு ஒரு நிமோனியாக் காய்ச்சலில் நான்கே நாளில் போய்விட்டார். கட்டியால் அல்ல.

இப்போது நான் ராதாபுரம் பக்கம் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். அக்கா தச்சநல்லூர் வீட்டில்தான் இருக்கிறாள். அந்தப் பொடி பல வருஷம் கழித்து அவள் உடம்பில் என்ன செய்யும் என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது. அதைத் தின்ற ஒரே மனுஷி அவள்தான். ஒப்பிட்டுப் பார்க்க வேறு ஆள் இல்லை. அவள் வேளை கெட்ட நேரத்தில் போன் செய்தால் எடுத்துக் காதில் வைக்கும்முன்பே செருப்பைத் தேடுவேன். அவள் கையில் எங்காவது இடித்துக் கன்றியிருந்தால், எங்கே இடித்தாய், எப்போது இடித்தாய் என்று போலீஸ்காரி மாதிரி கேட்பேன். வருஷத்துக்கு ஒருதரம் அவளைக் கூட்டிப்போய் ரத்தம் பரிசோதித்து வருகிறேன். முடிவு வரும்வரை அந்த இரண்டு மணி நேரமும் நான் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டேன்.

போன மாதமும் போனோம். சீட்டு வந்தது. எல்லா எண்ணும் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது. நான் இரண்டு முறை படித்துவிட்டு மூன்றாவது முறையும் மேலிருந்து ஆரம்பித்தேன். அக்கா சீட்டை என் கையிலிருந்து பைய உருவி மடித்துப் பையில் வைத்தாள். "ஏட்டி, எனக்குப் பயமெல்லாம் அவுக போன அன்னைக்கே போயிட்டு. உனக்குத்தான் இன்னும் போகல. அதுக்காகத்தான் வருசா வருசம் கையை நீட்டுதேன்" என்றாள். அவள் முழங்கையில் ஒட்டியிருந்த பஞ்சைப் பிய்த்து எடுத்து, ஊசி குத்திய இடத்தை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "ரத்தம் நின்னுட்டு, பாரு." குனிந்து பார்த்தேன். நின்றிருந்தது.